தோட்டம் கைமாறினாலும் பதிவேடு நிலைக்க வேண்டும்: சின்ன கிளினிக்கில் ஓப்பன்எம்ஆர்எஸ்

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், ஒரு நோயாளியின் மருத்துவ விவரம் எங்கெங்கே கிடக்கிறது என்று தேடினால் தலை சுற்றும். தோட்டத்து டிரசர் எழுதி வைத்த நோட்டு, பட்டணத்துத் தனியார் கிளினிக்கின் அட்டை, அரசாங்கக் கிளினிக் கொடுத்த இனிப்பு நீர் புத்தகம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் கடிதம் என்று நாலு இடத்தில் நாலு துண்டு. தோட்டம் கைமாறி, செம்பனையை வெட்டித் தள்ளி, தாமான் எழும்பும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்த டிரசர் நோட்டுதான்.

அதை வெறும் காகிதம் என்று தள்ளிவிட முடியாது. மருந்தடி வேலையில் பல வருஷம் இருந்த ஓர் அம்மாவின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (பூச்சிமருந்து பட்டால் குறையும் நொதி) அளவு எந்த வருஷம் எவ்வளவு இறங்கியது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. உடல்நலத்துக்குக் கேடான இரசாயனங்களைக் கையாளும் தொழிலாளர்களின் மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை முதலாளி 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 2000ஆம் ஆண்டு விதிமுறை. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு கிளினிக் மென்பொருள் விற்கும் எந்த நிறுவனமும் 30 ஆண்டுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நிறுவனம் மூடினால் தரவும் அதோடு பூட்டிக்கொள்ளும். நிரலும் திறந்திருக்க வேண்டும், தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் திறந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அறப்பணிக் கிளினிக் நடத்தும் சங்கங்கள், தோட்டக் கிளினிக்குகள், அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் இளைஞர்கள், இவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஓப்பன்எம்ஆர்எஸ் என்பது நோயாளிப் பதிவேட்டுக்கான திறந்த மென்பொருள், 2004இல் தொடங்கிய திட்டம். அமெரிக்காவின் இண்டியானாவில் உள்ள ரீகன்ஸ்ட்ரிஃப் நிலையமும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். 2006இல் கென்யாவின் எல்டோரெட் நகரில், எச்ஐவி சிகிச்சைக்காக முதலில் ஓடியது. ஜாவாவில் எழுதியது, தரவு மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் இருக்கும். உரிமம் மொசில்லா பொது உரிமம் 2.0, அதோடு மருத்துவப் பயன்பாட்டுக்கான ஒரு பொறுப்புத் துறப்பு. பாம்னி என்பது இதே ஓப்பன்எம்ஆர்எஸ்ஸோடு ஆய்வகத்துக்கு ஓப்பன்எலிஸ், கணக்குக்கும் சரக்குக்கும் ஓடூ ஆகியவற்றைச் சேர்த்த தொகுப்பு. இந்தியாவில் சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள கிராம மருத்துவமனையில் வளர்ந்தது. ஒரு டாக்டர், ஒரு மிஸ்ஸி, ஒரு கவுண்டர் என்று இருக்கும் இடத்துக்குப் பாம்னி பெரிய சுமை. ஓப்பன்எம்ஆர்எஸ் 3 போதும். பதிவு, உயிர்க்குறிகள், நோய்க்குறிப்பு, மருந்து, தொடர் சிகிச்சைத் தேதி: முதல் வருஷம் இந்த ஐந்தைத் தாண்டாதீர்கள். சரக்குக் கணக்கையும் பில்லையும் முதல் நாளே சேர்த்த இடங்களில் எதுவுமே ஒழுங்காக நிற்பதில்லை.

இயந்திரமும் கரண்டும்

சர்வருக்குப் பெரிய பெட்டி வேண்டாம். இன்டெல் என்100 ரக மினி பிசி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 8 ஜிபியிலும் ஓடும். ஆனால் ஜாவாவும் தரவுத்தளமும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும். மினி பிசி சுமார் 20 வாட், ரவுட்டர் 10 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 30. ஒரு 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் வழக்கமாக 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவதைக் கழித்தால் 50 முதல் 60 கைக்கு வரும். ஆக, புதுப் பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இரண்டு, மூன்று வருஷத்தில் அது பாதியாகிவிடும். பேட்டரி போட்ட தேதியைப் பெட்டி மேல் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.

யூபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது. அதன் யூஎஸ்பி வயரை மினி பிசியில் செருகி, நட் என்ற திறந்த மென்பொருளை நிறுவ வேண்டும். பேட்டரி அடிமட்டத்துக்கு வரும்போது அது தரவுத்தளத்தை முறையாக நிறுத்தி, பிறகு கணினியை அணைக்கும். இது இல்லாவிட்டால் யூபிஎஸ் செய்வதெல்லாம் திடீர் அணைப்பை ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போடுவதுதான். பயாஸில் ‘கரண்ட் திரும்பியதும் தானாக எழு’ என்ற அமைப்பையும் போட்டு விடுங்கள். காலையில் கதவைத் திறக்கும் கிராணிக்கு பொத்தான் எங்கே என்று தெரிய வேண்டிய தேவை இருக்காது.

பேராக்கில் மாலை இடி சாதாரண இடி இல்லை. அது மின் இணைப்பு வழியாக மட்டும் வராது. கிளினிக்கிலிருந்து மருந்தகக் கொட்டகைக்கு வெளியே இழுத்த நெட்வொர்க் கேபிள் வழியாகவும் வரும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் போடாதீர்கள். ஃபைபர் போடுங்கள், இல்லையென்றால் வைஃபை.

இன்டர்நெட்டை நம்பி இதைக் கட்டக் கூடாது. சர்வர் கிளினிக்குக்குள்ளேயே இருக்கட்டும். ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். வெளியிலிருந்து பழுது பார்க்க வேண்டுமானால் வயர்கார்ட் மாதிரி தனிச் சுரங்க வழி. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடுவது வேண்டவே வேண்டாம். உள்ளேயும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் அவசியம்: இணைப்பு அறுந்தாலும் டேப்லெட்டில் வேலை செய்யும் வசதி, உலாவிக்குள் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரலை நம்பியிருக்கிறது, வெறும் எச்டிடிபியில் உலாவி அதை ஓட விடாது.

முதல் ஓட்டத்தில் பொறுமை

நிறுவுவதற்கு, மென்பொருளின் ஒவ்வொரு பகுதியையும் தனிக் கொள்கலனில் ஓட்டும் டோக்கர் கம்போஸ்தான் எளிய வழி. நுழைவாயில், முன்பக்கம், பின்பக்கம், தரவுத்தளம் என்று நாலு கொள்கலன்கள் எழும். முதல் முறை பின்பக்கம் எழுந்து நிற்க வெகு நேரமாகும். அட்டவணைகளைக் கட்டி, சொல்லகராதியைக் கொட்டி முடிக்க வேண்டும். திரை அசையவில்லையே என்று யாராவது கரண்டைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது. தரவுத்தள மாற்றங்களை நடத்தும் லிக்விபேஸ், வேலை தொடங்கும்போது ‘லிக்விபேஸ்சேஞ்ச்லாக்லாக்’ என்ற அட்டவணையில் பூட்டு ஒன்றைப் போடும், முடிந்ததும் எடுக்கும். நடுவில் அணைந்தால் பூட்டு அப்படியே நின்றுவிடும். அடுத்த முறை பூட்டு திறக்கட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும், பதிவுக் கோப்பில் அதே வரி திரும்பத் திரும்ப வரும். வேறு எந்தக் கொள்கலனும் அந்த வேலையில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த வரியில் ‘லாக்ட்’ மதிப்பைப் பூஜ்ஜியமாக்கி மறுபடி எழுப்புங்கள். ஆனால் முதல் நிறுவலிலேயே இது நடந்தால், தரவு எதுவும் இல்லாத நிலையில், தரவுத்தளத்தை அழித்து முதலிலிருந்து தொடங்குவதுதான் சுத்தம். பாதி கட்டிய அட்டவணை பிறகு எங்கே காலை வாரும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. டோக்கர் கம்போஸில் ‘டவுன்’ கட்டளையோடு ‘வி’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் தரவு இருக்கும் வால்யூம்களும் சேர்ந்து அழியும். இணையத்தில் கிடைக்கும் பல பழுது நீக்கக் குறிப்புகள் அந்த எழுத்தோடுதான் இருக்கின்றன. சோதனைக் கணினியில் அது சரி. நோயாளிகள் இருக்கும் கணினியில் அந்த ஓர் எழுத்து எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

பதிப்பு எண்ணைக் கோப்பில் தெளிவாக எழுதிப் பூட்டுங்கள். ‘நைட்லி’ போன்ற மிதக்கும் பெயரை விட்டு வைத்தால், யாரோ ஒருவர் படிமங்களைப் புதுப்பிக்கும் நாளில் சோதிக்காத நிரல் உங்கள் கிளினிக்கில் ஓட ஆரம்பிக்கும். ஊரறிந்த தொடக்கக் கடவுச்சொல்லை முதல் மணி நேரத்திலேயே மாற்றுங்கள்.

நேரம்: எட்டு மணியும் ஏழரை மணியும்

கொள்கலன்கள் தாமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதற்கு எட்டு மணி முன்னால். தோட்டத்தில் பெரட்டு முடிந்ததும் காலை ஏழரைக்கு வந்து நிற்பவரின் வருகை, யூடிசியில் முந்தின நாள் இரவு 11.30. திரையில் உலாவி அதைத் திருத்திக் காட்டிவிடும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் தரவுத்தளத்திலிருந்து நேரே எடுக்கும் தினசரி எண்ணிக்கையில், எட்டு மணிக்கு முன் வந்தவர்கள் எல்லாரும் நேற்றுக்குப் போய்விடுவார்கள். டிங்கி மாதிரி 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய நோயில் இந்த ஒரு நாள் சின்ன விஷயம் இல்லை. ஜாவாவுக்கும் தரவுத்தளத்துக்கும் இரண்டிலும் ‘ஆசியா/கோலாலம்பூர்’ என்று மண்டலத்தைப் போடுங்கள். ஒன்றில் மட்டும் போட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். தரவு சேர்ந்த பிறகு மாற்றினால் பழையது எல்லாம் எட்டு மணி நேரம் நகரும். ஆகவே முதல் நோயாளிக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

இதைவிட நுட்பமான ஒன்று பெரியவர்களின் பிறந்த தேதியில் ஒளிந்திருக்கிறது. 1982 பிறக்கும் வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அதற்குப் பிறகுதான் எட்டு. கணினியின் நேர மண்டலப் பட்டியலுக்கு இந்த வரலாறு தெரியும். தரவுத்தளத்தில் பிறந்த தேதி வெறும் தேதிதான். ஆனால் ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குப் போகும்போது அதோடு நள்ளிரவு நேரமும் ஒட்டிக்கொண்டு போகும். 1958 மார்ச் 4 பிறந்த பாட்டியின் தேதியை ஓர் அறிக்கை நிரல் ‘எப்போதும் எட்டு மணி’ என்று நிலையாக வைத்து அனுப்பினால், வரலாறு தெரிந்த உலாவி அதை ஏழரை மணிக் கணக்கில் படித்து மார்ச் 3, இரவு 11.30 என்று எடுத்துக்கொள்ளும். பாட்டிக்கு ஒரு நாள் வயது கூடிவிட்டது. அடையாள அட்டையான ஐசியில் பிறந்த தேதியைக் காட்டும் முதல் ஆறு எண்ணோடு தேதி ஒத்துப்போகவில்லை என்று கவுண்டரில் சண்டை வரும். யாராவது ‘திருத்துகிறேன்’ என்று நல்ல தேதியைக் கெடுத்து வைப்பார்கள். சோதனை எளிது: 1958இல் பிறந்த ஒரு பொய் நோயாளி, 1990இல் பிறந்த ஒரு பொய் நோயாளி. இருவரையும் பதிந்து, தேடல் பட்டியல், நோயாளி பக்கம், அச்சு, ஏற்றுமதிக் கோப்பு நான்கிலும் தேதியைப் பாருங்கள். 1990 சரியாக இருந்து 1958 மட்டும் ஒரு நாள் பின்னால் போனால், காரணம் இதுதான்.

இவர் யார்?

ஐசி எண்ணையே முதன்மை அடையாளமாக வைக்கலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். கையில் இருப்பது கடப்பிதழ், அதன் எண் புதுப்பிக்கும்போதெல்லாம் மாறும். நம்மவர்களிலேயே எந்தப் பத்திரமும் இல்லாமல் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பும் படிவம் எனக்கு வேண்டாம். அதோடு, இன்றைய ஐசியான மைகார்டின் 12 எண்ணில் சரிபார்ப்பு எண் கிடையாது. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக்குக்கு 08. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நடுவில் உள்ள எண்ணில் ஒன்று தப்பினால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஓப்பன்எம்ஆர்எஸ் தானாகக் கொடுக்கும் எண்ணுக்கு லூன் மாட் 30 என்ற சரிபார்ப்பு முறை இருக்கிறது. 30 குறிகள் மட்டுமே பயன்படும். ஒன்று, பூஜ்ஜியம், எட்டு, ஐந்து, இரண்டு ஆகியவற்றோடு குழம்பும் ஆங்கில எழுத்துகளை ஒதுக்கிவிட்டார்கள். ஒரு குறியைத் தவறாக அடித்தால் கட்டாயம் பிடிபடும். பக்கத்துப் பக்கத்துக் குறிகளை மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடிபடும். இதுவே முதன்மை அடையாளம். ஐசி, கடப்பிதழ், தோட்டத்து வேலையாள் எண் எல்லாம் துணை அடையாளங்கள். ஐசிக்கு ‘12 இலக்கம், கோடு இல்லாமல்’ என்று வடிவ விதி போடுங்கள். கோட்டோடு சிலர், கோடில்லாமல் சிலர் என்று அடித்தால் ஒரே ஆள் இரண்டு பேராவார். தேதியும் பாலும் ஐசியோடு ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை மட்டும் காட்டட்டும், தடுக்க வேண்டாம். தாமதமாகப் பிறப்புப் பதிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கடப்பிதழ் மாறினால் பழைய எண்ணை அழிக்காமல் புதியதைக் கூடச் சேருங்கள். பழைய எக்ஸ்ரே கவரில் பழைய எண்தான் இருக்கும்.

பெயர்க் கட்டங்கள் நமக்காக வரைந்தவை இல்லை. குடும்பப் பெயர் கட்டாயம் என்று நிற்கும். சொந்தப் பெயரை முதல் கட்டத்திலும் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் போடுங்கள்; ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) எதையும் எந்தக் கட்டத்திலும் அடிக்க வேண்டாம். இந்தோனேசியர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர். அதையே இரண்டு கட்டத்திலும் போடுவது என்று ஒரே வழக்கம் வையுங்கள். லெட்சுமி என்ற பெயரை ஐசியில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பது பெயர்ப்பதிவு அலுவலர்களின் கைவண்ணம்: ‘டி’ உண்டு, இல்லை, கடைசியில் ‘ஐ’, ‘ஒய்’, இரட்டை ‘ஈ’. ஆகவே பெயரை வைத்து மட்டும் தேடி ‘இல்லை, புது ஆள்’ என்று முடிவு செய்யக் கூடாது. பிறந்த தேதி, கைப்பேசி எண் இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகே புதுப் பதிவு. இரட்டைப் பதிவை இணைக்கும் வசதி இருக்கிறது. இணைத்ததைத் திரும்பப் பிரிக்கும் பொத்தான் இல்லை. அந்த அனுமதி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

தமிழ்ப் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஓப்பன்எம்ஆர்எஸ் ஏற்கும். ஐசிப் பெயர் முதன்மையாக இருக்கட்டும், தமிழ்ப் பெயர் இரண்டாவதாக. இதில் இரண்டு குழிகள். தரவுத்தளம் பழைய லத்தீன் எழுத்துத் தொகுதியில் இருந்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும். திரும்ப மீட்க முடியாது. தொகுதி யூடிஎஃப்8எம்பி4 தானா என்று தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு மூன்றிலும் பாருங்கள். அடுத்தது, ‘கோ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளும்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்றாக, அல்லது ககரத்தோடு இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு தட்டச்சு முறையில் அடித்த கோவிந்தம்மாவை இன்னொரு தட்டச்சு முறையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற ஒழுங்குமுறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். மருந்து உறைக்கு லேபிள் அச்சிடும்போது, பிரின்டரின் உள் எழுத்துருவில் தமிழ் வராது, வந்தாலும் கொம்பு இடம் மாறும். லேபிளைப் படமாக்கி அனுப்புங்கள்.

அகராதி: உயிர் இருக்கும் இடம்

ஓப்பன்எம்ஆர்எஸ்ஸில் ஒவ்வொரு கேள்வியும் பதிலும் ஒரு கருத்துரு. ரத்தக் கொதிப்பு அளவு, காய்ச்சல், மருந்து எல்லாம் கருத்துரு அகராதியில் இருக்கும் எண்கள். நோயாளியின் பதிவு என்பது ‘இந்தக் கருத்துருவுக்கு இந்த மதிப்பு’ என்று ஒரே அட்டவணையில் வரி வரியாகச் சேர்வது. புதுக் கேள்வி வந்தால் அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை, அதுதான் இதன் பலம். கருத்துருவில் கை வைத்தால் பழைய வரிகளின் அர்த்தமே மாறிவிடும், அதுதான் இதன் ஆபத்து. சொந்தமாக அகராதி எழுத உட்காராதீர்கள். சீல் என்ற ஆயத்த அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மேல் ரத்த அழுத்தம் 5085, கீழ் அழுத்தம் 5086, எடை 5089. நாளைக்கு வேறு கிளினிக்கோடு தரவு பரிமாற வேண்டி வந்தால் எண்கள் பேசிக்கொள்ளும்.

சர்க்கரை அளவை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். மலேசியாவில் மில்லிமோல் கணக்கு. ஆயத்தப் படிவங்கள் பல மில்லிகிராம் கருத்துருவில் கட்டப்பட்டவை. மிஸ்ஸி மீட்டரில் 7.2 பார்த்து 7.2 என்றே அடிப்பார். அமைப்பு அதை டெசிலிட்டருக்கு 7.2 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளும். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம். அதாவது உண்மையில் 130. வரைபடத்தில் நோயாளி உயிரோடு இருக்க முடியாத அளவுக்கு இறங்கியிருப்பார். கருத்துருவில் ‘இதற்குக் கீழே ஏற்காதே’ என்ற அறுதிக் கீழ் எல்லையைச் சரியாகப் போட்டிருந்தால் அமைப்பே மறுத்துவிடும். பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. மில்லிமோல் அலகில் தனிக் கருத்துரு, அலகுப் பெயர் கட்டத்துக்குப் பக்கத்தில் திரையில் தெரியும்படி, எல்லைகள் இரண்டு பக்கமும்: மூன்றும் சேர்ந்தே வேண்டும். கிரியேட்டினினுக்கும் இதே கதை, அங்கே மில்லிகிராமை 88.4ஆல் பெருக்கினால் மைக்ரோமோல்.

அதோடு முடியவில்லை. பல கையடக்க மீட்டர்கள் 33.3க்கு மேல் போனால் எண் காட்டாது, ‘ஹை’ என்று மட்டும் காட்டும். எண் கட்டத்தில் அந்தச் சொல்லை அடிக்க முடியாது. மிஸ்ஸி 33 என்று போடுவார், அல்லது காலியாக விடுவார். கிளினிக்கில் உள்ள மிக ஆபத்தான நோயாளியின் கட்டம்தான் காலியாக இருக்கும்! ஆகவே எண் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘மீட்டர் ஹை’, ‘மீட்டர் லோ’, ‘சோதிக்கவில்லை’ என்று ஒரு தெரிவுக் கட்டம் வையுங்கள். வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பிறகா என்பது இரண்டு தனிக் கருத்துருக்கள். ஒரே கருத்துருவில் குறிப்பு எழுதி வைத்தால் எந்த அறிக்கையும் அதைப் படிக்காது.

கருத்துரு தவறு என்று தெரிந்தால் அதைத் திருத்தாதீர்கள், ஓய்வு கொடுத்துவிட்டுப் புதியதை உண்டாக்குங்கள். தரவு சேர்ந்த பிறகு அகராதியைப் பூட்டி வைக்கும் அமைப்பும் இருக்கிறது. படிவம், கருத்துரு, அடையாள வகை, பதவிகள் எல்லாவற்றையும் திரையில் கிளிக் செய்து அமைக்காமல், இனிஷியலைசர் என்ற மாட்யூலுக்குக் கோப்புகளாகக் கொடுத்து, அந்தக் கோப்புகளை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ என்ற கருவியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தோட்டத்துக் கிளினிக்குக்கு அதே அமைப்பை ஒரு மாலையில் போட்டுக் கொடுக்கலாம்.

காகிதமும் காப்பு நகலும்

கரண்ட் போனால் காகிதம். திரையில் உள்ள அதே வரிசையில் அச்சிட்ட படிவங்கள் ஒரு கட்டு கவுண்டரில் இருக்க வேண்டும். பிறகு ஏற்றும்போது இன்றைய தேதியை இடக் கூடாது. பார்த்த நாளும் நேரமும். நோயாளி வந்து போவது ஒரு வருகை, அதற்குள் டாக்டரோ மிஸ்ஸியோ பார்ப்பது ஒரு சந்திப்பு. சந்திப்பின் நேரம் வருகையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இல்லாவிட்டால் அமைப்பு பிழை காட்டும், ஆகவே முதலில் அந்தப் பழைய நாளுக்கு ஒரு வருகையைத் திறந்துவிட்டுத்தான் சந்திப்பைப் பதிய வேண்டும். இது தெரியாமல்தான் பல இடங்களில் இரண்டு நாள் நோயாளிகள் ஒரே பிற்பகலில் வந்ததாகக் கிடக்கிறது.

காப்பு நகலை மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கட்டளை எடுக்கும். ‘சிங்கிள் டிரான்சாக்ஷன்’ தெரிவோடு எடுத்தால் கிளினிக் ஓடும்போதே பிசகில்லாமல் வரும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இணைத்த ஸ்கேன் படங்கள், காயப் புகைப்படங்கள் எதுவும் தரவுத்தளத்தில் இல்லை; ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் தரவுக் கோப்புறைக்குள் ‘காம்ப்ளெக்ஸ் ஆப்ஸ்’ என்ற கோப்புறையில் இருக்கின்றன. ரன்டைம் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் மறையாக்கச் சாவி இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு நகல். நகலை மறையாக்கி, ஒன்று உள்ளே இன்னொரு வட்டில், ஒன்று வேறு கட்டடத்தில். சாவியை அந்த வட்டிலேயே வைக்காதீர்கள்.

மீட்டுப் பார்க்காத நகல் நகல் ஆகாது. மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் முழுதாக மீட்டு, நோயாளி, சந்திப்பு, அவதானிப்பு மூன்று அட்டவணைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒரு புகைப்படத்தைத் திறந்து பாருங்கள். மீட்ட பிறகு தேடலில் யாருமே வராவிட்டால் பயப்பட வேண்டாம், தேடல் அட்டவணையை மறுபடி கட்டச் சொல்லும் தெரிவு நிர்வாகப் பக்கத்தில் இருக்கிறது.

ஆளுக்கொரு கணக்கு. வழக்கமாக எந்தப் பதிவும் உண்மையில் அழிவதில்லை. ரத்து என்று குறியிட்டு, யார், எப்போது, ஏன் என்பதோடு நிற்கும். காலையில் ஒருவர் நுழைந்த கணக்கிலேயே எல்லாரும் நாள் முழுக்க வேலை செய்தால் இந்த அருமையான வசதி வீண். இது சட்டத்துக்கும் வேண்டும்: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவ விவரம் உணர்திறன் மிக்க தரவு, 2024 திருத்தத்தின்படி 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையருக்கு அறிவிக்க வேண்டும், கெடு 72 மணி நேரம். யார் எதைத் தொட்டார் என்று தெரியாத கிளினிக்கால் அந்த அறிவிப்பை எழுதவே முடியாது.

மூல நிரலுக்குத் திருப்பிக் கொடுப்பது

மேலே சொன்ன குறைகள் பலவற்றை உள்ளூரில் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் ஒட்டுப் போட்ட கிளினிக் ஒவ்வொரு மேம்படுத்தலிலும் தனியாக அல்லாடும். திருத்தம் மூல நிரலுக்குப் போனால் எல்டோரெட்டில் சோதிப்பவரும் நமக்காகச் சோதிக்கிறார். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. திரைச் சொற்களின் மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ் தளத்தில் நடக்கிறது. தமிழும் மலாயும் நாம் செய்ய வேண்டியவை. அகராதித் தமிழை அங்கே இறக்காதீர்கள். நம் மிஸ்ஸிகள் சொல்வது ‘டோக்கன்’, ‘எம்.சி.’, ‘பிரஷர்’ என்றால் திரையிலும் அதுதான் நிற்க வேண்டும். கட்டத்தின் அகலத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல், தமிழில் மூன்று சொல்லாகிப் பொத்தானை விட்டு வழியும்.

ஜாவா தெரிந்தவர்கள் ஐசி எண்ணுக்கு ஒரு சரிபார்ப்பு வகுப்பு எழுதலாம்: 12 இலக்கம், செல்லுபடியாகும் மாதம், நாள், பால் ஒப்பீடு. சின்ன வேலை, ஆனால் மலேசியாவில் இதைப் போடும் ஒவ்வொருவருக்கும் பயன்படும். பிழை அறிக்கை எழுதுகிறவர்கள் பதிப்பு எண், நேர மண்டலம், தரவுத்தளத்தின் எழுத்துத் தொகுதி, எந்த வரிசையில் என்ன அழுத்தினால் பிழை வருகிறது என்ற நான்கையும் தவறாமல் சேருங்கள். ஸ்கிரீன்ஷாட் இணைப்பதற்கு முன் உண்மை நோயாளியின் பெயரும் ஐசியும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சோதனைக் கணினியில் பொய் நோயாளியோடு மறுபடி எடுத்து அனுப்புங்கள். திருத்தம் மூல நிரலில் சேர்ந்து, அந்தப் பதிப்புக்கு நீங்கள் மாறியதும், உள்ளூரில் போட்டு வைத்த பழைய ஒட்டை எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால், எட்டு மணி நேரத் திருத்தம் பதினாறாகும்.